கரை சேர்த்த கரங்கள்

கல்வராயன் மலையில் விழும் மழைநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பெரியவர் எவரைக் கேட்டாலும், முதலில் கோமுகி ஆற்றைக் காட்டுவார். மலையிலே பிறக்கும் கோமுகி, மணிமுக்தாற்றில் கலக்கிறது. மணிமுக்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றோடு சேருகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் விழுகிறது. வாழ்நாளில் கடலையே காணாத மலையூர் மக்களின் ஆற்றுநீர், நூற்றாண்டுக் கணக்கில் மரக்கலங்கள் நங்கூரமிட்டு நின்ற ஒரு துறையிலே சென்று முடிகிறது.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. அந்தத் தென்னார்க்காட்டுக்குக் கடல்வாசலாக விளங்கியவை கடலூரும் பரங்கிப்பேட்டையும். உள்நாட்டு ஊர்களின் தறிகளில் நெய்த துணிகள் வண்டியேறி இத்துறைகளுக்கு வந்து, இங்கிருந்து கப்பலேறின. ஐரோப்பியர் 'போர்டோ நோவோ' என்றும், முஸ்லிம்கள் 'மஹ்மூது பந்தர்' என்றும் வழங்கிய பரங்கிப்பேட்டையிலிருந்து மரக்காயர்களின் பாய்மரக் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று வந்தன. 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவராகி, 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு பெயர் இணைந்து நிற்கும் காதர் முகைதீன் மரக்காயர், இந்தப் பரங்கிப்பேட்டை வழி வந்த கடலோடியே ஆவார்.

சென்ற கப்பல்கள் யாவும் திரும்பி வந்துவிடவில்லை. வங்கக் கடலின் ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் எத்தனையோ கலங்களை விழுங்கின. அப்படி உடைந்த கலங்களிலிருந்து உயிர் தப்பியோர் உண்டு. அவர்களைத் தப்புவித்தோரும் உண்டு. அந்த மீட்பர்கள் யார்? அவர்களைப் பற்றிய சான்று ஏதேனும் எஞ்சியிருக்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடும்போது, எதிர்பாராத ஓர் இடத்தில் அவர்களுடைய உருவம் நமக்குத் தென்படுகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் இலண்டனில் அச்சாகி, ஐரோப்பியர் வீட்டுச் சுவர்களை அலங்கரித்த கடற்படங்களே அந்த இடம்.

செப்புத் தகட்டில் எழுந்த கடல்

புகைப்படம் பிறப்பதற்கு முந்திய காலத்தில் ஒரு காட்சியைப் பலருக்குக் காட்ட வேண்டுமானால் அச்சுப்படம் ஒன்றே வழி. ஓவியர் வரைந்து கொடுத்ததைச் செதுக்குவோர் செப்புத் தகட்டில் ஊசியாலும் அமிலத்தாலும் பதிப்பர். தகட்டின் பள்ளங்களில் மையூட்டித் தாளில் அழுத்தினால் படம் எழும். பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டுவதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீர்வண்ணம் போன்ற மென்மையான நிழலையும் தகட்டிலே கொண்டுவரும் முறை பரவிற்று. அலையையும் நுரையையும் புயல்மேகத்தையும் காட்ட அதனினும் ஏற்ற முறை வேறில்லை எனலாம்.

அக்காலத்து ஐரோப்பியக் குடும்பங்களில் கடலுக்குப் போன ஒருவராவது இருப்பார். ஆகவே கப்பற்சேதமும் அதிலிருந்து மீட்சியும் அவர்கள் விரும்பி வாங்கிய பொருள்களாயின. கரையிலிருந்து பீரங்கி போன்ற ஒரு கருவியால் கயிற்றை எறிந்து, உடைந்த கப்பலில் இருப்போரைக் கரைக்கு இழுக்கும் முறையை ஜார்ஜ் மான்பி 1808இல் இங்கிலாந்தின் யார்மத் கரையில் கையாண்டு வெற்றி கண்டார். அம்முறையை விளக்கும் படங்கள் அச்சாயின. 1838இல் கலங்கரை விளக்கக் காவலரின் மகளான கிரேஸ் டார்லிங் தந்தையோடு சிறு படகில் சென்று, பாறையில் ஒண்டிக் கிடந்தோரை மீட்டபோது, அந்த நங்கையின் படம் இல்லாத கடைத்தெரு இங்கிலாந்தில் இல்லை என்னும்படியாயிற்று.

நம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட ஒரு கப்பலின் கதையும் இவ்வரிசையில் புகழ் பெற்றது. 'கென்ட்' என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் 1,350 டன் கப்பல். 1825ஆம் ஆண்டு பிப்ரவரியில் வங்காளத்துக்கும் சீனத்துக்குமாக அது புறப்பட்டது. 31ஆம் படைப்பிரிவின் வீரர்கள், அவர்களின் மனைவி மக்கள், பிற பயணிகள், மாலுமிகள் என 640 பேர் அளவில் அதில் இருந்தனர். மார்ச் முதல் நாள், பிஸ்கே விரிகுடாவில் கடும்புயல். கீழறையில் சாராயப் பீப்பாய் ஒன்று புரள்வதைப் பார்க்கச் சென்ற அதிகாரியின் கைவிளக்கு, கப்பல் சாய்ந்த வேகத்தில் நழுவி விழ, தீப்பற்றிக் கொண்டது. எரியும் கப்பலைக் கண்டு 'கேம்பிரியா' என்னும் 200 டன் சிறு கப்பல் அருகே வந்தது. கென்டின் வெடிமருந்து அறை எக்கணமும் வெடிக்கலாம் என்பதால் சற்று எட்டவே நின்றது. நீட்டிய பாய்மரக் கட்டையின் நுனியிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, பெண்டிரும் பிள்ளைகளும் முதலில் படகேறினர். 550 பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர். பிறந்து ஐந்தே வாரமான ஒரு குழந்தையும் அவர்களுள் ஒன்று.

வில்லியம் டேனியல் இக்காட்சியை அச்சுப்படமாக வெளியிட்டார். பிரான்சில் தியோடோர் குதின் பெரிய ஓவியமாகவே தீட்டினார். கென்டின் தலைவர் காப் என்பதும், கேம்பிரியாவின் தலைவர் குக் என்பதும் உலகறிந்தன. ஆனால் கேம்பிரியாவில் மெக்சிகோவுக்குப் பயணம் செய்த சுரங்கத் தொழிலாளர் சிலர் இருந்தனர். அலையில் ஏறி இறங்கும் படகுகளிலிருந்து ஒவ்வொருவரையும் கைகொடுத்துத் தூக்கிக் கப்பலில் சேர்த்தவர்கள் அவர்களே. அவர்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. மீட்டவனைப் பெயரிழக்கச் செய்யும் வழக்கம் நிறத்தை மட்டும் பார்த்து வருவதன்று, தொழிலையும் தரத்தையும் பார்த்து வருவது என்பதற்கு இது சான்று. இதை மனத்தில் கொண்டு இனி நம் கரைக்கு வருவோம்.

சென்னைக் கரையின் அலைகள்

சென்னைக்கு அக்காலத்தில் துறைமுகம் என ஒன்று கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்ட, ஆழமான நீரில் நங்கூரமிடும். இடையிலே வரிசை வரிசையாய் எழுந்து விழும் அலைகள். ஐரோப்பியப் படகு எதுவும் அதைக் கடந்து உருப்படியாகக் கரை சேர்வதில்லை. கவர்னரானாலும் கம்பெனியின் கணக்கரானாலும் இந்த நாட்டுப் படகுக்காரரின் கையிலே உயிரை ஒப்படைத்தே மண்ணை மிதிக்க வேண்டும்.

அதற்கென்றே அமைந்தது மசூலாப் படகு. ஆணியே இல்லாத படகு அது. பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பர். உள்ளே விலாக்கட்டைகளும் இல்லை. விறைப்பாகக் கட்டிய படகு தரைதட்டும் வேகத்தில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். பின்புறம் தண்டல் எனப்படும் தலைவன் நின்று துடுப்பால் திசை திருப்புவான். அவன் குரலுக்கு ஏற்பத் துடுப்பு வலிப்போர் பாட்டுப் பாடியபடி வலிப்பர். அலை பின்னால் எழும் நேரத்தைக் கணித்து, அதன் முதுகிலேயே ஏறிக் கரைக்கு வருவது அவர்களின் வித்தை. கணிப்பு ஒரு நொடி தவறினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும்.

கவிழ்ந்தால் என் செய்வது? அதற்காகவே கட்டுமரங்கள் உடன் வந்தன. மலைக்காடுகளில் விளையும் இலேசான மரத்துண்டுகள் மூன்று முதல் ஐந்து வரை சேர்த்துக் கயிற்றால் கட்டியதே கட்டுமரம். அதில் நீர் நிரம்புவதற்குக் குழியில்லை. ஆகவே மூழ்குவதற்கும் வழியில்லை. ஓரிருவர் அதன்மேல் முழங்காலிட்டுத் துடுப்பு வலிப்பர். அலை அவர்களைத் தூக்கியெறிந்தால் நீந்திவந்து மீண்டும் ஏறிக்கொள்வர். படகு எதுவும் கடலில் இறங்கக் கூடாதெனக் கரையில் கொடியேற்றி எச்சரிக்கும் நாள்களிலும், ஓலையால் பின்னிய கூம்புக் குல்லாயில் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குச் சென்று மீண்டவர்கள் இக்கட்டுமரக்காரர்களே. மசூலாப் படகு கவிழ்ந்து பயணிகள் நுரையிலே தத்தளிக்கும்போது, பாய்ந்து சென்று அவர்களைப் பிடித்துக் கட்டுமரத்தில் ஏற்றிக் கரை சேர்ப்பர். இவ்வாறு உயிர் காத்த கட்டுமரக்காரருக்கு அரசாங்கம் பதக்கம் வழங்கி வந்ததை அக்காலப் பயணிகள் எழுதியுள்ளனர். உலக மொழிகள் பலவற்றிலும் இன்று வழங்கும் 'கட்டமரான்' என்னும் சொல், இவர்களின் மரத்துக்கு நம் மொழி இட்ட பெயரே என்பதை யாவரும் அறிவர்.

படத்தைப் படிக்கும் முறை

தாமஸ் டேனியலும் அவர்தம் உறவினர் வில்லியம் டேனியலும் வெளியிட்ட இந்தியக் காட்சிப் படத்தொகுதியில், 1797இல் வந்த பகுதியிலே, தென்கிழக்கிலிருந்து பார்த்த சென்னைக் கோட்டையின் படம் ஒன்றுண்டு. பின்னணியில் கோட்டை வெண்மையாய் அமைதியாய் நிற்கிறது. முன்னணியிலோ கொந்தளிக்கும் அலையும் அதில் போராடும் படகுகளுமே. பின்னர், 19ஆம் நூற்றாண்டில், ஜே. பி. ஈஸ்ட் வரைந்து சி. ஹண்ட் செதுக்கிய இணைப் படங்கள் இரண்டு வெளிவந்தன. ஒன்று சென்னையில் கரையிறங்குவதைக் காட்டுவது. மற்றொன்று சென்னையிலிருந்து கப்பலேறப் புறப்படுவதைக் காட்டுவது. சென்னைக் கரையின் அலையைக் கண்ட ஒவ்வோர் ஐரோப்பியரும் தம் ஊரில் சொல்லிச் சொல்லி வியந்த அனுபவம் அது. ஆகவே அப்படங்களுக்கு நல்ல கிராக்கி இருந்ததில் வியப்பில்லை.

இப்படங்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தகட்டில் செதுக்கியவர் பெரும்பாலும் இலண்டனில் இருந்தவர். சென்னை அலையைக் கண்ணால் காணாதவர். அலை இருமடங்கு உயர்ந்திருக்கலாம், மேகம் கறுத்திருக்கலாம். வாங்குவோருக்குத் திகில் வேண்டும்; விற்போர் திகிலைக் கூட்டினர். ஆகையால் படத்தைப் பயணிகளின் எழுத்தோடும், அண்மைக்காலம் வரை நம் கரையில் வழக்கிலிருந்த தைத்த படகோடும், கட்டுமரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தே கொள்ளத்தக்கதைக் கொள்ள வேண்டும்.

அவ்வாறு பார்க்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. இப்படங்களின் நோக்கம் கோட்டையைக் காட்டுவது, அல்லது நடுங்கும் பயணிகளைக் காட்டுவது. ஆனால் அலையை உண்மையாகக் காட்ட வேண்டுமானால் அலையைக் கடப்பவனையும் காட்டியே தீர வேண்டும். ஓவியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், படகின் பின்புறத்தில் நிற்கும் தண்டலும், துடுப்பில் சாய்ந்த தோள்களும், நுரைக்கு நடுவே முழங்காலிட்ட கட்டுமரக்காரரும் தாளிலே பதிந்துவிட்டனர். அரசாங்கப் பதிவேடு அவர்களைத் தலையெண்ணிக் கூலி கொடுத்தது. நடுவழியில் கூடுதல் காசு கேட்கிறார்கள் என்று பயணிகள் குறைசொல்லி எழுதினர். அப்படிக் குறைசொல்லி எழுதிய கை, அதே மனிதரின் தோளைப் பற்றித்தான் கரை சேர்ந்தது. படம் ஒன்றே அவர்களை அவர்களின் வேலையிலே, அவர்களின் வித்தையிலே வைத்துக் காட்டுகிறது. படத்தின் அடியில் ஓவியர் பெயர், செதுக்கியவர் பெயர், வெளியிட்டவர் பெயர், காட்சியின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கும். படத்துக்குள்ளே துடுப்பைப் பிடித்தவனின் பெயரே இல்லாதது.

எல்லா மீட்பும் படமாகவில்லை என்பதையும் மறத்தலாகாது. 1746 அக்டோபரில் சென்னைக் கரையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களையும், 1761 புத்தாண்டு நாளில் புதுவையை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களையும் புயல் அடித்து நொறுக்கியபோது நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். அத்தகைய இரவுகளில் கட்டுமரமும் கரையைவிட்டு அகல இயலாது. மீட்பு நடந்த சிறு விபத்துகள் சுவரை அலங்கரித்தன. மீட்பே இயலாத பேரழிவுகள் கடிதங்களிலும் கணக்குகளிலும் அடங்கிப் போயின.

நம்மவர் நினைவில் வைத்த முறை

நம் கடலோடிகள் தம் மீட்சியைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியதில்லை. நகுதா, சாரங்கு, தண்டல், சுக்கானி என்னும் பெயர்களை இன்றும் வீட்டுப் பேச்சில் வைத்திருக்கும் நம் குடும்பங்கள், வேறு முறையில் அதை நினைவிலிருத்தின. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களைப் பற்றி வழிவழியாக வழங்கும் வரலாறு அனைவரும் கேட்டதே. புயலில் ஓட்டை விழுந்து ஒரு கப்பல் மூழ்கத் தொடங்கிற்று. அவ்வேளை சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது சென்று ஓட்டையை அடைத்தது என்பர். டச்சுக் கப்பல் என்று சிலரும், போர்த்துகீசியக் கப்பல் என்று சிலரும் சொல்வர். கராமத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் கொள்கை. வரலாற்றைப் படிப்போர்க்கு அதிலே வேறொரு செய்தி கிடைக்கிறது. இக்கரையின் மக்கள் தம் பெரியவரின் அருளைச் சொல்லப் புகுந்தபோது, கடலில் தத்தளித்த அயலாரின் கப்பலைக் காத்த செய்தியையே தலையாயதாக எடுத்துக்கொண்டனர்.

கந்தூரியின்போது நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி கொண்டு வரும் ஊர்வலத்தில் கப்பல் வடிவில் அமைத்த இரதங்கள் அணிவகுப்பதும் இந்நினைவின் தொடர்ச்சியே. பினாங்கின் சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் எழுந்த நினைவிடமும், சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்காவும், கடல் கடந்து நலமாய்ச் சேர்ந்தோரின் நன்றியறிதல்கள். ஆங்கிலேயர் செப்புத் தகட்டில் செய்ததை நம்மவர் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் செய்தனர் எனலாம்.

எனினும் இவ்விரண்டு வழியிலும் விடுபட்டவர் ஒருவரே. அங்கே கப்பல் தலைவனின் பெயர் நின்றது. இங்கே பெரியவரின் பெயர் நின்றது; தர்காவுக்குப் பொருள் தந்த வணிகரின் பெயரும் சில இடங்களில் நின்றது. இருட்டில் அலையில் குதித்துக் கையைப் பிடித்து இழுத்த கட்டுமரக்காரன் இரு பக்கத்திலும் பெயரற்றவனாகவே இருக்கிறான்.

கடன் திரும்பிய நாள்

1875க்குப் பின் சென்னையில் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881 நவம்பர் புயல் கட்டிய சுவர்களை உடைத்தெறிந்தது; மீண்டும் கட்டினர். நூற்றாண்டு முடிவதற்குள் கப்பல்கள் அலையில்லா நீருக்குள் வந்து நிற்கத் தொடங்கின. நீராவிக் கப்பல் பாய்மரத்தை விரட்டிற்று. புகைப்படம் செப்புத் தகட்டை விரட்டிற்று. மசூலாப் படகில் ஏறி நடுங்கிய பயணி மறைந்தான். அவனைத் தூக்கிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் மீன்பிடித் தொழிலோடு நின்றனர்.

ஆயினும் அந்த வித்தை அழிந்துவிடவில்லை. 2015 டிசம்பரில் சென்னை நகரின் தெருக்கள் ஆறுகளானபோது, கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளை உள்ளூர்த் தெருக்களுக்குக் கொண்டுவந்து, மாடிகளில் சிக்கியோரை மீட்டனர். நூறாண்டுக்கு முன் கரையில் நடந்தது அன்று நகரின் நடுவிலே நடந்தது.

அதற்கு முன்னரே, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், இவர்களே மீட்கப்பட வேண்டியவர்களாயினர். ஆழிப்பேரலை பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த மீனவ ஊர்களைச் சில நிமிடங்களில் சூறையாடிற்று. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் காத்திருக்கவில்லை. தப்பி வந்தோருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் அளித்தனர். நாள்கணக்கில் அடுப்பை அணையவிடாமல் சமைத்துப் போட்டனர். ஒரு காலத்தில் மரக்காயர் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மீனவரின் படகு இருந்தது. அன்று மீனவருக்கும் பசிக்கும் இடையே மரக்காயர் ஊரின் அடுப்பு இருந்தது. இக்காட்சியைச் செப்புத் தகட்டில் செதுக்க எந்த இலண்டன் கலைஞரும் வரவில்லை. நாமேனும் எழுதி வைக்க வேண்டாமா?

நம் கடற்கரையூர்களின் பழைய வீடுகளில் பெட்டியடியில் கிடக்கும் கணக்கேடுகள், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், கப்பல் சரக்குச் சீட்டுகள் இன்னும் சில உண்டு. அவற்றில் கப்பலின் பெயரும் உரிமையாளரின் பெயரும் மட்டுமே தேடப்படுகின்றன. கூலிப் பட்டியலில் வரும் தண்டலின் பெயரை, படகுக்காரனின் பெயரை, அவன் ஊரை யாரும் குறித்து வைப்பதில்லை. கரையான் அரிப்பதற்குள் அவற்றை எடுத்துப் படியெழுதி வைத்தல் இளைஞர்கள் செய்யத்தக்க நற்பணி. வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, 'பாட்டனாரின் கப்பல் உடைந்த அன்று கரை சேர்த்தவர் யார்?' என்ற ஒரே கேள்விக்கு விடையை எழுதினாலும் போதும். கள்ளக்குறிச்சி போன்ற உள்நாட்டு ஊரில் வாழ்வோருக்கும் இதிலே பங்குண்டு. பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் உறவு கொண்ட குடும்பங்கள் அங்கும் இருக்கும். பேச்சு வாக்கில் வந்து மறையும் ஒரு பெயர் அங்கும் இருக்கும்.

பழைய அச்சுப்படம் ஒன்று எங்கேனும் அருங்காட்சியகத்திலோ நூலிலோ கண்ணில் பட்டால், பெரிய கப்பலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நுரைக்கு நடுவே, விரல்நுனி அளவில், முழங்காலிட்டுத் துடுப்பைப் பிடித்திருப்பான் ஒருவன். அவன் பெயர் படத்தில் இல்லை. அவன் வழியினரின் பெயர்களையேனும் இனி எழுதி வைப்பது, கரை சேர்ந்தவர்களின் பிள்ளைகளாகிய நம் கடன்.